எண்ணெய் தடவிய கண்ணாடித் துண்டுகள்

வாகை மரம் கடைகிற நாளில் எங்கள் வீதியில் பாதிப் பேர் தும்முவார்கள். மிளகாய் வறுத்ததுபோல மூக்குக்குள் ஒரு காரம் ஏறும். சைக்கிளில் போகிறவர் ஒரு காலை ஊன்றி நின்று இரண்டு தும்மல் போட்டுவிட்டு, வாகையா இன்றைக்கு என்று உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டுப் போவார். திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகிற சாலைப் பக்கம் இருந்த அந்த ஒற்றை அறைக் கடைசல் பட்டறை என் அப்பாவுடையது. கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை என்று எல்லாம் அங்கே சுழன்றுதான் உருவம் பெறும். அப்பா உளி பிடித்துக் கடைவார். கடைந்து வந்ததை அம்மா உப்புத்தாள் கொண்டு கையால் தேய்த்து வழவழப்பாக்குவாள். உளியிலிருந்து வருவதற்கு எங்கள் வீட்டில் "சுருள்" என்று பெயர், உப்புத்தாளிலிருந்து வருவதற்கு "மாவு". சுருளை அள்ளி அடுப்பில் போடலாம். மாவை அள்ள முடியாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அள்ளுவதற்கு.

மூச்சோடு போகிற தூசிக்குப் பட்டறையில் இருந்த ஒரே வைத்தியம் வெல்லம். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கரும்பாலையிலிருந்து மொத்தமாக வாங்கிவைத்து, வேலை முடிந்ததும் ஆளுக்கு ஓர் உருண்டை கொடுப்பார்கள். "வெல்லம் தின்னாத் தூசி வழுக்கிக்கிட்டு வயித்துக்குப் போயிரும்" என்பார் அப்பா. கோழிப்பண்ணைக்குத் தீவனம் அரைக்கிற மில்லிலும் இதே பழக்கம் உண்டு என்பதால் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். மூக்கு வழியாகப் போன தூசி, நெஞ்சுக்குப் போகவா வயிற்றுக்குப் போகவா என்று வெல்லத்தைக் கேட்டுக்கொண்டா போகும்? இதை அப்பாவிடம் கேட்டபோது, உருண்டை வேண்டுமா வேண்டாமா என்றார். வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

நான் எட்டாவது படித்த வருடம், தீவன மில்லில் வேலை பார்த்த என் தாய்மாமா, அங்கே கழித்துப்போட்ட ஒரு புளோயரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது. கடைசல் மிஷினுக்குப் பின்னால் அகலமான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, புளோயர் அதன் வழியாகத் தூசியை உறிஞ்சி ஒரு சாக்குக்குள் தள்ளுகிற மாதிரி செய்துவிட்டார். சாக்கும் மில்லிலிருந்து வந்த தீவனச் சாக்குதான். காற்று அதன் இழைகளின் இடுக்கு வழியாக வெளியேறும், தூசி உள்ளே தங்கிவிடும் என்பது அவர் கணக்கு. நியாயமாகச் சாக்கை வெளியே தொங்கவிட்டிருக்க வேண்டும். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடியது. ஏற்கெனவே ஒருமுறை பாவு நூலில் மரத்தூள் படிந்து தறிக்காரர் சண்டைக்கு வந்திருந்தார். அதனால் சாக்கு உள்ளேயே, கண்ணாடி ஓட்டுக்குக் கீழே வெளிச்சமாக இருந்த மூலையில் தொங்கியது.

அதுவரை அம்மா வாசலில் புங்க மரத்தடியில் உட்கார்ந்துதான் தேய்ப்பாள். தரையில் ஒரு சுருள்கூட இல்லாமல் பட்டறை பளிச்சென்று ஆனதும், இனி எதற்கு வெயிலில் உட்கார வேண்டும் என்று அப்பா அவளை உள்ளே வரச்சொன்னார். வெளிச்சம் இருந்த மூலையில் அம்மா பலகை போட்டு உட்கார்ந்தாள். மாமா பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார். அப்பாவுக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

எனக்கோ, இப்போது மாவு எங்கே போகிறது என்பது தெரிந்தாக வேண்டும். சமையலறை அலமாரியில் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்தில் தூசி ஒட்டிக்கொண்டு போகவே போகாது என்பதைப் பார்த்திருந்தேன். படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் கழித்த கண்ணாடித் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கிவந்து, நான்கில் விளக்கெண்ணெய் தடவி, ஒன்றை மிஷினுக்குப் பின்னால், ஒன்றை வாசலில், ஒன்றை எங்கள் வீட்டு அடுப்படியில், ஒன்றை அம்மா தலைக்கு மேலே இருந்த ஆணியில் என்று வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவற்றை எடுத்துக் கறுப்புத் துணி மேல் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதி, புதுத் துண்டு மாட்டுவேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கையெழுத்தில் வேறெதையும் எழுதியதில்லை.

இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. மிஷினுக்குப் பின்னால் இருந்த துண்டில் கொஞ்சம் நறநறப்பு; அம்மா தலைக்கு மேல் இருந்த துண்டு முகப்பவுடர் கொட்டியதுபோல வெளுத்திருந்தது. பட்டறையில் ஆள் இல்லாத நேரம் புளோயரை ஓடவிட்டு, சாக்கின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாக்கு முழுவதிலிருந்தும் புகை மாதிரி மாவு கசிந்துகொண்டிருந்தது. பெரிய தூளைப் பிடித்துவைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாததை மட்டும் சலித்து அம்மாவின் மேல் தூவுகிற சல்லடையைத்தான் அப்பா செய்திருக்கிறார் என்று புரிந்தது. எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். மாசி மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இதை இப்போதே சொன்னால் சாக்கை மாற்றிவிடுவார்கள், என் நோட்டு பாதியில் நின்றுபோகும். அப்போது ஐப்பசி.

மார்கழியில் அம்மா இருமத் தொடங்கினாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று கற்பூரவல்லிச் சாறு குடித்தாள், மஞ்சள் போட்டுப் பால் குடித்தாள், வெல்லம் இரண்டு உருண்டையானது. அந்த இருமலும் என் கண்ணாடியும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால், அது பாதிப் பொய்.

கண்காட்சிக்கு அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பதினைந்து வாரத்துத் துண்டுகளையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான்காவது வரிசைக்கு வந்ததும் அதன் பெயரை இரண்டு தடவை எழுத்துக் கூட்டினாள்.

"இது நான் உக்கார்ற எடமா, சாமி?"

ஆமாம் என்றேன். அவள் ஒரு துண்டில் விரலை வைத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள். இருபது வருடம் மரத்தைத் தடவிய விரல் அது. அதனிடம் யாரும் பொய் சொல்ல முடியாது. அந்த நான்காவது வரிசைத் துண்டு ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். என்னைத் திட்டவில்லை. எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

வீட்டுக்குப் போனவள் பட்டறைக்குள் போகாமல், முதலில் தறிக்காரர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க பாவுக்குத் தூசி ஆவாதுன்னு சொன்னீங்க. எனக்கு மட்டும் ஆவுமாங்கண்ணா?"

அவர் அதற்கு என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. அடுத்த நாள் அவரே ஆள் வைத்து, குழாயை வெளியே விடச் சுவரில் துளை போட்டுக்கொடுத்தது நினைவிருக்கிறது. அப்பா இரண்டு நாள் சாக்கைக் கழற்ற விடவில்லை. அவளுக்கு வெயில் படக்கூடாது என்று ஆசையாகச் செய்தது அது. மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தார்; வெளியே வந்தபோது சாக்கைக் கத்தியால் கிழித்து எடுத்துவந்தார். புளோயர் குழாய் அந்தத் துளை வழியாக வெளியே போய்க் கூரைக்கு மேலே ஏறியது. பின்னால், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி, தூளைச் சுழற்றிக் கீழே இறக்குகிற கூம்பு ஒன்றைத் தகரத்தில் செய்துகொண்டார்.

இன்றைக்கு அந்தப் பட்டறையில் நான்கு மிஷின் ஓடுகிறது. வேலை செய்கிறவர்கள் இரண்டு பக்கமும் வட்டமான வடிகட்டி வைத்த முகமூடி போட்டிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு ஃபோன் பேசுகிறவனை அம்மா விடமாட்டாள். ஆனால் சத்தம் போட அவளுக்குக் காற்றுப் போதாது. பக்கத்தில் போய், கையால் முகமூடியைக் காட்டுவாள். வைகாசிக்கு வைகாசி திருச்செங்கோட்டு மலைப் படி முழுவதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறியவள், இப்போது மேலே பஸ்ஸில் போய், கோயிலுக்குள்ளும் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போகிறாள். மடியில் மருந்து உறிஞ்சுகிற குழல் இருக்கும். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பட்டறைக்குப் புதிதாக யார் வந்தாலும் அம்மா அந்தக் கூம்பைக் காட்டி, மூச்சு வாங்க வாங்க, "தூசி எங்க போவுதுன்னு எம்பொண்ணு எட்டாவதுலயே கண்டுபுடிச்சதுங்க" என்று சொல்வாள். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன். எந்த வாரம் கண்டுபிடித்தேன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த நோட்டில் தேதி போட்டிருக்கிறது. அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பதால், அதை நான் அவள் கண்ணில் படாமல் வைத்திருக்கிறேன்.