குரலுக்கு முதலிடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் டிராஃபிக் போலீஸ் என்றுதான் கூப்பிடுவோம். வேலை, நெட்வொர்க் பார்ப்பது. வெளியே போகும் இணைய இணைப்பு ஒன்றே ஒன்று. டாக்டர்களின் பேச்சு, ஸ்கேன் படங்கள், நோயாளிகளின் வீடியோ எல்லாம் அதில்தான் முட்டி மோதிக்கொண்டு போக வேண்டும். நெரிசல் வந்தால் எது முந்த வேண்டும், எது ஒதுங்க வேண்டும் என்று விதி போட்டு வைப்பவர் அவர்.

சிபாரிசு வராத நாள் கிடையாது. கணக்குப் பிரிவு மேலாளர் வந்து, "எங்க பில்லிங்கை முன்னாடி விடுங்க சார், உயிர் போற அவசரம்" என்பார். "உயிர் போறதெல்லாம் மேல் மாடியில. நீங்க வரிசையில நில்லுங்க" என்று அனுப்பிவிடுவார். எல்லாரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார் என்று பக்கத்து மேஜையில் இருக்கும் என்னிடம் சிரிப்பார். அவருடைய நேர்மையில் எனக்குப் பெருமை; அவருக்கு என்னைவிடப் பெருமை.

யார் குரலானாலும் குரலுக்கு முதலிடம். அடுத்து ஸ்கேன். வீடியோவில் வரும் படத்துக்குக் கடைசி இடம். "முகம் நின்னு நின்னு வந்தா என்ன? பேச்சு போய்ச் சேர்ந்தா போதும்" என்பார்.

இதைச் சொன்ன மனிதருக்குப் பிறவியிலேயே காது கேளாத அக்கா உண்டு. அம்மாவும் அக்காவும் கையால்தான் பேசுவார்கள். எங்கும் கற்றதல்ல, அடுப்படியில் நின்று இருவருமாக உண்டாக்கிக்கொண்டது. அக்காவுக்குப் படம்தான் பேச்சு என்பது கூடப் பிறந்தவருக்கே உறைக்கவில்லை பாருங்கள். நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மாவுக்குத் தொற்றுக் காய்ச்சல் வந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே தனி வார்டில் சேர்த்தார்கள். உள்ளே யாருக்கும் அனுமதியில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே நர்ஸ் போனைப் பிடித்துக்கொள்ள, அம்மா கையசைக்க, கீழே பார்வையாளர் கூடத்தில் அக்கா தன் போனில் பார்ப்பாள்.

ஒரு பிற்பகல் ஸ்கேன் படங்கள் குவிந்தன. அக்காவிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா என்னமோ சொல்றாங்க. படம் நின்னுபோச்சு. சரி பண்ணு." அவர் என்னிடம் காட்டினார். "சொந்தக்காரங்கன்னா விதியை மாத்திடலாம், அப்படித்தானே?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, "கொஞ்சம் பொறுக்கா, நெரிசல் குறையட்டும்" என்று பதில் அனுப்பினார்.

நெரிசல் குறைந்தபோது அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. பிறகு திரும்பவேயில்லை; அப்படியே போய்விட்டார்.

அக்கா அந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா கை எப்படி அசைஞ்சுது, செஞ்சு காட்டுங்க" என்று போனில் எழுதி நீட்டினாள். பாவம் அந்தப் பெண், தனக்கு நினைவிருந்தவரை செய்து காட்டினாள். அக்கா மறுபடி கேட்டாள். மறுபடியும். அந்த அசைவிலிருந்து ஒரு சொல்கூடத் தேறவில்லை. கடைசியில் தம்பி பக்கம் திரும்பி, படம் ஏன் நின்றது என்று கையால் கேட்டாள். அவர் தன் மார்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

வேலைக்குத் திரும்பியதும் வார்டு வீடியோவைக் குரலோடு முதல் வரிசையில் சேர்த்தார். வெள்ளம் வடிந்தபின் போட்ட அணை. அதனால் ஸ்கேன் எதுவும் தாமதமாகவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அக்கா இப்போதும் தம்பி வீட்டில்தான். சமைக்கிறாள், அவர் சட்டைகளை மடித்து வைக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்தாலும் எதையும் போனில் எழுதித்தான் அனுப்புகிறாள். "கையால பேசுக்கான்னு கெஞ்சிப் பார்த்துட்டேன்" என்றார் என்னிடம்.

"அது அம்மாகூடப் பேசினது. முடிஞ்சுபோச்சு" என்று பதில் வந்ததாம்.