விளிம்புக்கு அடியில் ஒரு பெயர்

திண்டிவனத்துப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். எண்பத்தைந்தில், என் கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனபோது. ஒல்லியான மனிதர், விரல்கள் மட்டும் தடித்திருந்தன. மெஷின் ஓடத் தொடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கன்னம் உப்பிவிடும். பெயர் முடிந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

"இன்னா பேருங்க வெட்டணும்?"

"எல்லாத்துலயும் மாப்ள பேரையே வெட்டுப்பா" என்றார் அப்பா.

வெட்டி முடித்தார். சாமானைக் கட்டச் சாக்கு வாங்கிவர அப்பா வெளியே போனார். பெயர் வெட்டுகிறவர் என் பக்கம் திரும்பினார்.

"உம் பேரு இன்னாம்மா?"

சொன்னேன். "எதுக்குண்ணே கேக்குறீங்க?"

"சும்மாதாம்மா."

ஒரு சொம்பைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடி கன்னத்தை உப்பினார். ஏதோ பிசிறு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

விழுப்புரத்தில் குடித்தனம் போய் ஆறு மாதம் கழித்து அந்தச் சொம்பைத் தேய்க்கும்போது விளிம்புக்கு அடியில் விரலில் ஏதோ நெருடியது. வெயிலில் திருப்பிப் பார்த்தேன். கேழ்வரகு அளவுகூட இல்லாத எழுத்துகளில் என் பெயர்.

எனக்கு மட்டும் ஏன் வெட்டினார் என்று பல நாள் யோசித்தேன். என் ஓரகத்திக்கும் அதே கடையில்தான் சாமான் வாங்கினார்களாம். ஒருநாள் அவள் இல்லாதபோது, நான்கு வருடமாக அவள் தேய்த்துவரும் சொம்பை எடுத்து விளிம்பின் அடியைத் தடவினேன்.

அங்கேயும் நெருடியது.