ராக்கெட் லேபிளில் அந்த வரியை வைத்தது யார்

ஆயிஷாக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கம்ப்யூட்டரில் ஒரு மத்தாப்புப் பெட்டி லேபிளைத் திருத்திக்கொண்டிருந்தேன். விருதுநகரிலிருந்து அவர் தம்பி பேசினார். "செல்வி, அக்கா மவுத்தாயிட்டாக. காலைல நெஞ்சு வலிக்குன்னாக, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்." சிவகாசியில் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். முகத்தைப் பார்க்க முடிந்தது. நாற்பத்திரண்டு வயது சாகிற வயதா? அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த நாள் நம் அச்சகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. எல்லோரும் நல்லபடியாகவே பேசினீர்கள். ஒருவர் மட்டும், "எம்புட்டுக் கெட்டிக்காரி! அந்த ராக்கெட் லேபிள்லதான் ஒரே ஒரு தடவை கோட்டை விட்டுட்டாக" என்றார். ஆமாம் என்று பலரும் தலையாட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பதினைந்து வருடம் ஆயிஷாக்கா நம்மிடம் புரூப் பார்த்தார். அச்சங்குளத்திலும் ஏழாயிரம்பண்ணையிலும் செய்கிற பட்டாசு எங்கெங்கோ போகிறது. அதை எப்படி வெடிப்பது என்று பெட்டியில் ஆங்கிலத்தில் போட வேண்டும். இன், ஆன், அட் என்று வந்தாலே நமக்கெல்லாம் வியர்க்கும். "தரையில, பாட்டில்ல, பஸ்ஸுல, எல்லாத்துக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். அவுகளுக்குப் பத்தலை, என்ன செய்ய?" என்பார். அவர் மேசையில் ஒரு காலித் தீப்பெட்டியும் மருந்தில்லாத ஒரு குச்சியும் எப்போதும் இருக்கும். குச்சியைப் பெட்டிக்குள் போட்டால் இன். பெட்டிமேல் வைத்தால் ஆன். பக்கவாட்டில் உரசினால் அகைன்ஸ்ட். "கை என்ன செய்யுதுன்னு பாரு, வார்த்தை தன்னால வரும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

ஒரு காலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். பஸ் என்றால் ஆன், வேன் என்றால் இன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன் ஒன்று வந்தது. படியில் ஏழெட்டுப் பேர் தொங்கினார்கள். "இதுக்கு எதைக்கா போட?" என்றேன். "இதுக்குப் போலீஸ்காரரைத்தான் போடணும்" என்றார்.

வார்த்தை சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் புரூப்பில் கையெழுத்துப் போட்டுவிடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு சாம்பிள் கேட்டு வாங்கி, அச்சகத்துக்குப் பின்னால் காலி மனையில் கொளுத்திப் பார்ப்பார். "தீவாளிக்கு முந்தியே தீவாளி கொண்டாடுறீக" என்று முதலாளி அண்ணாச்சி சலித்துக்கொள்வார். அக்கா காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அந்த ராக்கெட் லேபிள் அடித்த சீசனில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொரு தப்பு நடந்தால் வரவேண்டாம் என்று அண்ணாச்சி ஏற்கெனவே சொல்லியிருந்தார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எந்த லேபிளையும் புதிதாக அடிக்கமாட்டோம். பழையதைத் திறந்து பெயரை மாற்றி, படத்தை மாற்றி, அனுப்பிவிடுவோம். நான் புஸ்வாண லேபிளைத் திறந்து ராக்கெட் லேபிள் செய்தேன். பெயர் மாறியது, படம் மாறியது. 'பிளேஸ் ஆன் தி கிரவுண்ட்' என்ற வரி அப்படியே இருந்துவிட்டது. புஸ்வாணத்தைத் தரையில்தான் வைக்க வேண்டும். ராக்கெட்டைப் பாட்டிலுக்குள் நிறுத்த வேண்டும். அவசர ஆர்டர் என்பதால் சாம்பிளும் வரவில்லை. அக்கா படித்தார். ஆங்கிலத்தில் பிழை ஏதும் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

ஒரு வாரம் கழித்து சாம்பிள் வந்தது, நம் லேபிள் ஒட்டிய பெட்டியிலேயே. அக்கா கொளுத்தப் போனவர் லேபிளைப் பார்த்து நின்றுவிட்டார். அண்ணாச்சியைக் கூப்பிட்டார். எங்களையெல்லாம் தள்ளி நிற்கச் சொன்னார். "பெட்டியில போட்டிருக்கிறபடி செய்றேன், பாருங்க" என்று ராக்கெட்டைத் தரையில் படுக்கவைத்து, திரியில் நெருப்பை வைத்துவிட்டு விலகி ஓடிவந்தார். அது தரையோடு தரையாகச் சீறிப்போய்ச் சுவரில் மோதித் திரும்பி, அண்ணாச்சியின் ஸ்கூட்டருக்கு அடியில் வெடித்தது.

"ராக்கெட்டைப் பாட்டில்ல வைக்கணும்னு தெரியாதவன் எவன் இருக்கான்? லேபிளை யாரு படிக்கா?" என்றார் அண்ணாச்சி.

"தெரியாதவன்தான் அண்ணாச்சி படிப்பான். அவன் நம்மளை நம்பிப் படிக்கான்" என்றார் அக்கா.

மறுநாள் ஏழாயிரம்பண்ணை ஆலையிலிருந்து லோடு கிளம்புவதாக இருந்தது. 'பிளேஸ் இன் எ பாட்டில்' என்று சின்னச் சீட்டுகளை அன்றைக்கே அச்சடிக்க வைத்தார். விடிந்ததும் கட்டுகளைச் சுமந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் ஏறினோம். "லாரி வந்து நிக்கும்மா, இப்பப் போயி..." என்று இழுத்தார் அங்கிருந்த போர்மேன். "நிக்கட்டும். அட்டைப்பெட்டியைப் பிரிங்க" என்று அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். பேக்கிங் பெண்களும் கூட உட்கார்ந்தார்கள். கடைசிப் பெட்டியிலும் சீட்டு ஒட்டிய பிறகுதான் லாரி நகர்ந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். "நான்தான்க்கா பண்ணேன். அண்ணாச்சிட்ட சொல்லிருறேன்" என்றேன்.

"வச்சது நீ, விட்டது நான். புரூப்ல கையெழுத்து என்னோடது மட்டும்தான இருக்கு? உன்னையன்னா வீட்டுக்கு அனுப்பிருவாக. என்னைய இடம்தான் மாத்துவாக. வாயைத் திறக்காத."

அவர் சொன்னபடியே ஆயிற்று. லேபிள் எண்ணிக் கட்டுப்போடுகிற இடத்துக்கு அவரை மாற்றினார்கள். ஒரு சீசன் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு வேளையில் பாதிச் சோற்றோடு எழுந்து வந்து, சாம்பிளைக் கொளுத்திப் பார்த்து, தீப்பெட்டியும் குச்சியுமாக என் பக்கத்தில் நின்று வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவர் இல்லாமல் வேலை ஓடாது என்று தெரிந்து அண்ணாச்சியே பழைய மேசைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். நான் முதலில் பயந்து வாயை மூடினேன். பிறகு அதுவே பழகிப்போயிற்று. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தீப்பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. கொளுத்திப் பார்க்காத எந்தச் சரக்கின் லேபிளும் என் கையைத் தாண்டிப் போகாது. முணுமுணுக்கிறவர்கள் முணுமுணுக்கலாம். இந்தத் தாளை முதலில் அண்ணாச்சியிடம்தான் கொடுக்கப்போகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும்.

ஆயிஷாக்கா கோட்டை விட்டதாக இனி யாரும் சொல்லவேண்டாம். ராக்கெட் லேபிளில் அந்த வரியை வைத்தவள் நான். இந்தத் தாளைப் புரூப் பார்க்க அவர் இல்லை. அதனால் கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது மட்டும்தான்.

செல்வி,
டி.டி.பி. பிரிவு