பழுதில்லாத பெட்டி

எல்லாரும் அவளைப் பாட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பாடுபவள் இல்லை. பாடினால் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து போய்விடும். சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஜனங்கள் சுற்றிச் சுற்றிச் சறுக்கும் கூடம் ஒன்றில், லேப்டாப்பையும் அதில் மாட்டிய, குமிழ்கள் வைத்த ஒரு பெட்டியையும் கொண்டு பாட்டுப் போடுவது அவள் வேலை. முதலில் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். பாட்டுப் போடுபவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். "நான் போடறேன்" என்று போய் உட்கார்ந்தவளை ஒன்பது வருடமாக யாரும் எழுப்பவில்லை.

ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும் வேலை இல்லை அது. சறுக்குகிறவர்களின் கால் தாளத்தோடு போகும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வரும்போது இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். அதற்காக வலது காதில் ஹெட்போனை வைத்து அடுத்த பாட்டைத் தான் மட்டும் கேட்பாள். இடது காது கூடத்துக்கு. ஓடும் பாட்டு, தரையில் உருளும் சக்கரம், எவன் களைத்துவிட்டான், எவள் வேகம் கேட்கிறாள் என்பதெல்லாம் அந்தக் காதுக்குத் தெரியும்.

அந்தக் காதுதான் போயிற்று. ஒரு காலையில் எழுந்தபோது அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று ஒரு வாரம் தலையைத் தட்டிக்கொண்டு திரிந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, "முதல் நாளே வந்திருக்கணும். நரம்பு போச்சு" என்றார். வீட்டில் மூச்சு விடவில்லை. கணவன் லாரியோடு பாதி நாள் வெளியே. மீதி நாள் தூக்கம். கூடவே இருந்த நாத்தனாரிடமும் சொல்லவில்லை. ஒற்றைக் காதுக்காரிக்கு இந்த வேலையை யார் கொடுப்பார்கள்?

ஹெட்போனை வைப்பதும் எடுப்பதுமாக, ஒரு தாளத்தை மனதில் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் கேட்டு, இரண்டு வாரம் ஒப்பேற்றினாள். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிசகிவிட்டது. அடுத்த பாட்டு அரைத் தாளம் முந்தி விழுந்தது. கைகோத்து வந்த வரிசையில் ஒரு தையல்காரியின் கால் தடுமாறி, ஊன்றிய வலது மணிக்கட்டு முறிந்தது.

ஓடிவந்த மேனேஜர், "என்னக்கா ஆச்சு?" என்றார்.

"பெட்டி மக்கர் பண்ணிடுச்சு."

வாய் முந்திக்கொண்டது. தையல்காரியிடமும் அதையே சொன்னாள்.

"அப்ப முதல்ல அந்தப் பெட்டியை மாத்துங்க. கூடத்துக் கணக்குல வாங்கிக்கலாம்" என்றார் மேனேஜர்.

பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாத்தனாரோடு கடைக்குப் போனாள். கடைக்காரர் கனமான கண்ணாடி போட்ட, பேச்சில் அவசரமில்லாத மனிதர். பெட்டியைத் தன் லேப்டாப்பில் மாட்டி, ஒவ்வொரு குமிழாகத் திருகினார்.

"இதுல ஒரு கொறையும் இல்லையேம்மா."

"அப்பப்ப பண்ணும்" என்றாள் பாட்டக்கா.

நாத்தனாரின் கண் அதற்குள் வேறு பக்கம் போயிருந்தது. "அண்ணி, இத பாருங்க. லைட்டெல்லாம் எரியுது. தேர் மாதிரி இருக்கு."

"அது வெறும் கன்ட்ரோலர்ம்மா. மிடின்னு சொல்வாங்க. லேப்டாப்புக்கு இதைச் செய் அதைச் செய்ன்னு உத்தரவு போடும். அதுக்குள்ள சத்தம் கெடையாது. சத்தத்தை வெளிய கொண்டு வர ஆடியோ இன்டர்ஃபேஸ் தனியா வாங்கணும். அதுலயும் வெல கம்மியானதுல ஒரே வழிதான். கூடத்துல என்ன கேக்குதோ அதுவேதான் ஹெட்போன்லயும் கேக்கும்."

"அப்ப இவங்க முன்கூட்டி கேக்கறத ஊரே கேக்குமா? நல்ல கூத்து" என்றாள் நாத்தனார். "ஏங்க, தாளத்த லேப்டாப்பே சேத்துக்காதா?"

"புதுப் பாட்டுக்குச் சேக்கும். பழைய பாட்டுல தாளம் கூடும் கொறையும். காது வேணும்."

பாட்டக்கா தரையைப் பார்த்தாள்.

கடைக்காரர் இன்னொன்றை எடுத்துவந்தார். கன்ட்ரோலரும் இன்டர்ஃபேஸும் ஒரே பெட்டியில் இருந்தன. ஸ்பீக்கருக்கு ஒரு வழி, ஹெட்போனுக்குத் தனி வழி. ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார். "இந்த பட்டனை அமுக்கினா, இடது காதுல கூடத்துப் பாட்டு, வலது காதுல அடுத்த பாட்டு. ரெண்டும் கேக்குதா?"

"நல்லா கேக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இடது பக்கம் நான் இன்னும் பாட்டே போடலையேம்மா."

நாத்தனார் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். அவள் தலையிலிருந்து மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"எத்தன நாளா அண்ணி?"

"ஒரு மாசம்."

"அப்ப அந்தப் பொம்பள கை ஒடஞ்சது?"

"நான்தான். பெட்டி இல்ல."

"நானும் மெஷின் சனியன்னு வாய் ஓயாம திட்டிட்டிருந்தேனே. கேட்டுக்கிட்டு சும்மா இருந்தீங்களே அண்ணி."

கடைக்காரர் அவர்களை இரண்டு நிமிடம் விட்டுவிட்டு வந்தார். "காதைப் பத்தி மொதல்லயே சொல்லியிருந்தா, மொதல்லயே சரியானத எடுத்துக் குடுத்திருப்பேன்." அதே பெட்டியில் ஒரு சின்னக் குமிழைக் காட்டினார். இந்தப் பக்கம் திருகினால் அடுத்த பாட்டு, அந்தப் பக்கம் திருகினால் கூடத்துப் பாட்டு. நடுவில் வைத்தால் இரண்டும் கலந்து ஒரே காதுக்குள் வரும். அவள் போட்டுப் பார்த்தாள். இரண்டு தாளமும் இடித்துக்கொண்டு ஓடின. பெட்டியின் மேலிருந்த சக்கரத்தைத் திருப்பித் திருப்பி ஒன்றாக்கினாள். கை மறக்கவில்லை.

"ஆனா ஒண்ணு. பாட்டு மட்டுந்தான் வரும். கூடத்துல ஆளுங்க சத்தம், சக்கரச் சத்தம் எதுவும் வராது. இருக்கற காதையும் மூடிடறீங்கல்ல. தலைய நிமித்தி ஆளுங்கள பாத்துக்கிட்டே இருக்கணும்."

"பாத்துக்கறேன்" என்றாள். "இத எடுத்து வைங்க. வேலை இருந்தா வந்து வாங்கிக்கறேன்."

பழைய பெட்டியோடு நேரே மேனேஜரிடம் போய், காது போனதையும் கடையில் பார்த்த பெட்டியையும் பூசி மெழுகாமல் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. "காது போனது உங்க தப்பு இல்லக்கா. எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே அந்தப் பெட்டிய வாங்கியிருப்போம். அந்தம்மா கையும் ஒடஞ்சிருக்காது. அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. நீங்க வேணாம்னு அவங்க சொன்னா, நானும் வேணாம்பேன்."

தையல்காரியின் வீடு மாடியில் ஒற்றை அறை. தையல் மெஷின்மேல் துணி மூடியிருந்தது. வெட்டி வைத்த ரவிக்கைகள் தைக்கப்படாமல் அடுக்காக இருந்தன. கையில் மாவுக்கட்டு. பாட்டக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாக்கு எதுவும் சேர்க்கவில்லை.

தையல்காரி மெஷின்மேல் இருந்த துணியை இடது கையால் இழுத்துச் சரிசெய்தாள். "பாட்டுப் பெட்டி மேல தப்புன்னு நெனச்சு இத்தன நாளா யாரையும் ஏசாம இருந்தேன்" என்றாள். "விதின்னு விட்டுட்டேன். இப்ப வந்து ஒரு மூஞ்சியக் காட்டறீங்க."

"ஏசுங்க."

"ஏசினா கட்டு பிரிஞ்சிருமா?"

இடது கையால் போனைத் தடவித் தடவி மேனேஜரின் நம்பரைப் பிடித்தாள். "அவங்க வந்து சொல்லிட்டாங்க. சரியான பெட்டிய வாங்கிக் குடுங்க, அவங்களே போடட்டும். ஒரு கை போய் வீட்ல ஒக்காந்திருக்கற கொடுமை எனக்குத் தெரியும். ஆனா என் பேர மெம்பர் லிஸ்ட்டுலேருந்து எடுத்துருங்க. நான் இனிமே அங்க வர்றதா இல்ல."

போனை வைத்துவிட்டு, "நீங்க கெளம்புங்க" என்றாள்.

வேலை கிடைத்துவிட்டது. நன்றி சொல்லலாமா என்று பாட்டக்கா ஒரு நிமிடம் நின்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படி இறங்கினாள்.