விரிசல் விட்ட மணியும் பங்குசாமியாரும்

அந்தக் கத்தோலிக்கப் பங்கில் கோயில் முந்தியா, பள்ளிக்கூடம் முந்தியா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் ஒரே ஓட்டுக் கொட்டகையில் தொடங்கியவை. வாரநாளில் பீடத்தைத் துணி போட்டு மூடினால் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்தால் கோயில். பிறகு கோயிலுக்குத் தனிக் கட்டடம் வந்தது, பள்ளிக்கூடம் மாடி ஏறியது, நடுவில் சுவர் எழுந்தது. முதல் சாமியார் கொண்டுவந்த வெண்கல மணியையும் பங்குசாமியாரையும்தான் பிரிக்க முடியவில்லை. காலையில் பூசை வைக்கிற அதே மனிதர் பத்து மணிக்குத் தாளாளர் நாற்காலியில் உட்காருவார்.

மணிக்காரர் அந்த மணிக்கு அடியிலேயே வளர்ந்தவர். அப்பா இழுத்த கயிறு இவர் கைக்கு வந்தது. ஞானஸ்நானம் சுவருக்கு இந்தப் பக்கம், ஐந்தாம் வகுப்பு அந்தப் பக்கம், அதுவும் இரண்டு தடவை. குடியிருப்பு, கோயிலுக்குப் பின்னால் பங்கு கொடுத்த ஒற்றை அறை. பூசைக்கு ஒரு விதம், பள்ளிக்கு ஒரு விதம், சாவுக்கு ஒரு விதம் என்று அடிப்பார். மாற்றி அடித்ததே இல்லை. மனுஷனுக்குச் சோம்பல் மட்டும் கொஞ்சம் உண்டு.

அந்தச் சோம்பல்தான் வினையாயிற்று. ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி விடும் நேரத்தில், மணியின் நாக்கு கழன்று விழுந்தது. அதை மாட்டி அடிக்க அலுப்பு. கொத்தனார் விட்டுப்போன சம்மட்டி பக்கத்தில் கிடந்தது. மேடையில் ஏறி ஓங்கி ஒரு போடு போட்டார். சத்தம் வந்தது, கூடவே முடிபோல ஒரு விரிசலும் வந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை. நாக்கை மாட்டிவிட்டு இறங்கினார். மனசு கேட்காமல் அன்று மாலையே பாவம் சொல்லும் மரக்கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய், வலைக்கு அந்தப் பக்கம் இருந்த பங்குசாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். பரிகாரமாகச் செபம் சொல்லச் சொன்னார் சாமியார், இவரும் சொன்னார். பாரம் இறங்கியது.

மறுநாள் விடியற்காலையில் டிரில் வாத்தியார், விளையாட்டுப் பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூட்ட, தானே கயிற்றை இழுத்தார். மணி ஓட்டைத் தகரம் போல அலறியது. பூசைக்கு வந்த பங்குப்பேரவைத் தலைவரான மரக்கடைக்காரர் விரிசலைப் பார்த்தார், கயிற்றோடு நின்ற வாத்தியாரையும் பார்த்தார். வேறு சாட்சி வேண்டுமா?

"முதல் சாமியார் மணிய ஒடச்சவருக்கு இங்க வேலை எதுக்கு?" என்று கத்தினார். வாத்தியாருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

மணிக்காரர் பதறவில்லை. சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார் என்று இருந்தார். சாமியோ விசாரணைக்கு நாள் குறித்தார். இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வராந்தாவில் சாமியை மடக்கினார்.

"சாமி, அந்த மணி விஷயம்... அன்னிக்கே சொன்னேனே."

"எதைச் சொன்னீங்க?" என்றார் சாமியார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

தொட்டிக்குள் கேட்டதைச் சாமியார் வெளியே காட்டிக்கொள்ளவே கூடாது என்பது ஞானோபதேசத்தில் பாலபாடம். அந்த வகுப்பு நடந்தபோதெல்லாம் நம்மவர் அப்பாவுக்குக் கயிறு பிடிக்கப் போயிருப்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

"ஏம்மா, சாமி தொட்டிக்குள்ள தூங்கிட்டா, சொன்ன பாவம் போயிருக்குமா, இருக்குமா?"

"அது இருக்கட்டும். எங்கிட்ட சொல்லாம அப்படி என்ன பாவம் பண்ணீங்க?"

மணிக்காரர் சாப்பாட்டில் கவனமானார்.

விசாரணை நாளில் அவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். டிரில் வாத்தியார் கழுத்தில் விசிலோடு நின்றார். மரக்கடைக்காரர் நீக்க உத்தரவை மேசையில் நகர்த்தினார். சாமியார் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றவில்லை.

"வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் கேட்டார். குரல் கெஞ்சியது.

தாளாளர் கெஞ்சி மணிக்காரர் பார்த்ததில்லை. ஒற்றை அறை கண்ணில் வந்து நின்றது, வேலை போனால் அதுவும் போகும். இருந்தும் வாய் திறந்துவிட்டது.

"நான்தான் ஒடச்சேன். சம்மட்டியால."

"எப்போ? எப்படி?" சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்டார், முதல் தடவை கேட்கிறவர் போல. இவர் பதில் சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. அப்போதுதான் மணிக்காரருக்கு உறைத்தது. மனுஷன் தூங்கவே இல்லை. ஒருவேளை ராத்திரியில்கூட.

டிரில் வாத்தியார் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். மரக்கடைக்காரர் விடவில்லை.

"இத்தன நாளா ஏன்யா மறைச்சே? ஒருத்தர்கிட்டகூடவா சொல்லல?"

மணிக்காரர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மேசையைப் பார்த்தார்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க" என்றார்.

வெளியே வந்த பிறகுதான், இந்தப் பொய்யையும் சனிக்கிழமை அதே மனிதரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.