அறுந்துபோகாத அழைப்பு

போன சித்திரை வெயிலில், ஒரு மதிய வேளை. மதுரையில் எங்கள் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு செல்போன் நிறுவனத்தின் நெட்வொர்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

முன்பெல்லாம் அழைப்புகளை இணைக்க, அதற்கென்றே செய்த பெரிய இரும்புப் பெட்டிகள் இருக்கும். இப்போது அந்த வேலையைச் சாதாரண சர்வர்களில் ஓடும் மென்பொருள்களே செய்துவிடுகின்றன. அவற்றைக் கண்டெய்னர் என்னும் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து வைத்திருப்போம். அத்தனையையும் கட்டி மேய்க்க கூபர்நெட்டீஸ் என்று ஒரு மென்பொருள் உண்டு. ஒரு சர்வர் படுத்துவிட்டால், அதில் ஓடியதை வேறொன்றில் எழுப்பிவிடும்.

அன்று சர்வர் அறையில் ஏசி கெட்டுப்போய், ஒரு சர்வர் கொதிக்க ஆரம்பித்திருந்தது. மதுரைப் பக்கத்து அழைப்புகளில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் தானாக அணைந்தால், கூபர்நெட்டீஸ் வேறிடத்தில் எழுப்புவதற்குள் அத்தனை பேச்சும் அறுந்துவிடும். அதற்குள் அதில் ஓடுவதையெல்லாம் வேறு சர்வர்களுக்கு மாற்றி, அதைக் காலி செய்ய வேண்டும். ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் சர்வரைக் காலி செய்ய மட்டும் பொறுப்பாளரின் சம்மதம் வேண்டும். அன்று பொறுப்பு என்னுடையது.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன். திருச்சி போகும் வழியில், கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் இளநீர் குடிக்க இறங்கியிருக்கிறார்கள். மாமா அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை. இளநீர்க்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கைகாட்டி நிறுத்த ரோட்டுக்கு ஓடியிருந்தார். நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தது அக்காவுக்குத் தெரியும்.

“போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வையிக்கா. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு நல்லா அமுக்கு. நான் எண்ணுறேன், நிறுத்தாத” என்று சொல்லி எண்ண ஆரம்பித்தேன்.

பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் தம்பி, என் அழைப்பு எந்தச் சர்வரில் ஓடுகிறது என்று என் போன் நம்பரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“மேடம், உங்க போன்காலும் இந்தச் சர்வர்லதான் ஓடுது. சூடு ஏறிக்கிட்டே இருக்கு. என்ன செய்ய?”

சோதனை அழைப்புகளை வைத்து எத்தனையோ முறை மாற்றிப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவற்றின் மறுமுனையில் என் அக்கா இருந்ததில்லை. அப்படியே விட்டாலும் அறுந்துபோகும், மாற்றும்போது ஏதாவது பிசகினாலும் அறுந்துபோகும். எண்ணுவதை நிறுத்த முடியாது. மாற்றச் சொல்லித் தலையை மட்டும் ஆட்டினேன்.

திரையில் வேறு சர்வர்களில் புதிய கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. புதியது தயாராகிப் பேச்சை வாங்கிக்கொள்ளும்வரை பழையது பிடித்த பிடியை விடவில்லை. கொதிக்கும் சர்வரில் அழைப்புகள் கரைந்துகொண்டே வந்தன. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அக்கா மூச்சிரைக்க அமுக்குவது கேட்டுக்கொண்டே இருந்தது. என் குரல் எந்தக் கணத்தில் இடம் மாறியது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அந்தத் தம்பி காலியான சர்வரை அணைத்துவிட்டு, நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

எண்ணிக்கொண்டே திரையைப் பார்த்தேன். கீழவாசலில் விலை பேசிக்கொண்டிருந்தவர், பஸ்ஸில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தவர் என்று எத்தனையோ பேரின் பேச்சு அப்போது இடம் மாறியிருந்தது. யாருக்கும் தெரியாது.

சற்று நேரத்தில் போனுக்குள் சைரன் சத்தம் கேட்டது. “வந்துட்டாங்கடி” என்றாள் அக்கா. அப்போதுதான் எண்ணுவதை நிறுத்தினேன்.

மாமா பிழைத்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நான் எதுவும் கேட்காமலே அவள் சொன்னாள்: “நடுவுல ஒரே ஒரு நம்பர் மட்டும் கேக்கலடி. நானாச் சொல்லிக்கிட்டு அமுக்குனேன்.”

நெட்வொர்க் செய்ததை நினைத்து மலைத்துப்போயிருந்த எனக்கு, இடம் மாறிய கணத்தில் விழுந்த அந்த ஒரு எண் இடைவெளியைத் தன் குரலால் நிரப்பிய அக்காவை நினைத்து இன்னும் மலைப்பாக இருந்தது. இன்றும் திரையில் அழைப்புகளின் எண்ணிக்கை ஓடும்போதெல்லாம், அவற்றில் ஏதோ ஒன்றின் மறுமுனையில் யாரோ ஒருவர் தரையில் மண்டியிட்டிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டுதான் என் வேலையைப் பார்க்கிறேன்.