ஆறும் ஆறரையும்

ஆகஸ்ட் மாதத்தில் நண்பகல் வெயிலில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. முழங்கால்கூட நனையாத தண்ணீரில், மார்பு வரை ரப்பர்க் காற்சட்டை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆறு வற்றி, கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கரையில் ஒரு கல் உருண்டாலே அங்குள்ள அத்தனை மீனுக்கும் தெரிந்துவிடும். இவர்களோ குதிரை இறங்குவதுபோல இறங்குவார்கள். மூன்று மணித்தியாலம் வீசிக் களைத்தபின், இந்த ஆற்றில் மீனே இல்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுவார்கள். மீன் இருக்கிறது. இவர்களைவிடப் புத்தியுடன் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆற்றின் பெயரை எழுத மாட்டேன். சுவிஸில், துன் நகரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் என்பதுடன் நிறுத்திக்கொள்கிறேன். ஹோட்டல் சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அங்கே போகிறேன். போகும் ஒவ்வொரு முறையும் திகதி, கிழமை, மணி, தண்ணீரின் வெப்பம், வானம், பறந்த பூச்சி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதுவேன். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் இந்த வித்தை பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் வாசித்திருக்கிறேன். அவற்றில் பாதி, எழுதியவர் போட்டிருந்த தொப்பியைப் பற்றியது.

கோடை கடைசிக்கு வேண்டியது கொஞ்சம்தான். விடியப் போக வேண்டும். தூண்டிலின் தங்கூசி நூல் மெல்லியதாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். நூல் முனையில் கட்டும் செயற்கை ஈ அரிசியளவுக்கு மேல் போகக்கூடாது. சிறகெறும்பு பறக்கும் நாட்களில் எறும்பு மாதிரி ஒன்று, புல் வெட்டிய பிறகு வெட்டுக்கிளி மாதிரி ஒன்று. தண்ணீர் கல்லில் உடைந்து நுரைக்கும் இடத்தில், முழங்காலில் நின்று, கீழிருந்து மேல்நோக்கி வீச வேண்டும். வெப்பமானி பத்தொன்பது பாகையைக் காட்டினால் தூண்டில் தடியை மடக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். சூடான தண்ணீரில் இழுபட்ட ட்ரவுட்டுக்கு மூச்சு மீளாது. இந்தக் கடைசி விதியைச் சொன்னால் மற்றவர்கள் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

மலையிலிருந்து ஒரு சிற்றோடை வந்து இந்த ஆற்றில் விழுகிறது. ஆறு இருபது பாகைக்குக் கொதிக்கும் நாளிலும் ஓடை விழும் இடம் பதின்மூன்றைத் தாண்டாது. ஒரு சிறிய அறையளவு இடம். வெயில் ஏற ஏற, அந்தப் பகுதியின் பெரிய மீன்கள் எல்லாம் அங்கே வந்து அடுக்கி நிற்கும். அவை உயிர் தப்பி அடுத்த வருடத்துக்குப் போக அந்த இடத்தை விட்டால் வேறு இடமில்லை. அங்கே தூண்டில் போடுவது ஆஸ்பத்திரிக்குள் புகுந்து களவெடுப்பதற்குச் சமம்.

என் மருமகன் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் பிறந்து வளர்ந்தவர், காப்புறுதிக் கம்பனியில் வேலை. ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை மகளுடன் எங்கள் பக்கம் வந்து, ஆற்றுக்குக் கிட்ட ஒரு விடுமுறை வீட்டை எடுத்திருந்தார். பின்னேரம் எங்கள் வீட்டில் சாப்பாடு. புதிய தடி, புதிய கண்ணாடி, புதிய மேற்சட்டை எல்லாவற்றையும் கொண்டுவந்து கதிரையில் பரப்பினார்.

"மாமா, இதில பதினாலு பொக்கற்."

"பதினாலிலயும் என்ன வச்சிருக்கிறீர்?"

"இப்போதைக்கு ஒண்டில போன். மிச்சத்துக்கு இனித்தான் யோசிக்கோணும்."

"முதல் ஒரு மீனையாவது கண்ணால கண்டிருக்கிறீரோ?"

"வீடியோவில கனக்கப் பாத்திட்டன், மாமா. திங்கக்கிழமை ஒஃபிசுக்குப் படம் கொண்டு வாறன் எண்டும் சொல்லிப்போட்டன்."

படம். பிடிக்க முன்னரே படம் பார்க்க ஆள் ஒழுங்கு செய்தாயிற்று. இந்த மனிதருக்கு ஒரு பாடம் காட்ட வேண்டும் என்று கொப்பியை எடுத்தேன். ஓடை விழும் இடத்தின் பக்கத்தைத் திறந்து, இருபதையும் பதின்மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினேன். வில்லோ அலரிச் செடி எங்கே, பெரிய கல் எங்கே என்று நான் கீறிய படமும் அதிலிருந்தது. அவர் தன் போனில் அதைப் படமெடுத்தார். நான் தடுக்கவில்லை. வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

அங்கே தூண்டில் போடக்கூடாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை மறுநாள் ஓடைக்கரையில் வைத்து, மீன்களைக் காட்டிக்கொண்டு, கம்பீரமாகச் சொல்ல வைத்திருந்தேன்.

"நாளைக்கு ஆறரைக்குப் பாலத்தடியில நில்லும். பிந்தக்கூடாது."

"ஆறரை. ஓம் மாமா, பிந்த மாட்டன்."

சனிக்கிழமை முதல் ரயிலில் போய் இறங்கி, சரியாக ஆறு இருபத்தெட்டுக்குப் பாலத்தடியில் நின்றேன். அவருடைய கார் நின்றது. ஆளில்லை. காரின் எஞ்சின் மூடியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. ஆற்றில் வெப்பமானியைப் போட்டேன். விடிகாலையிலேயே பதினெட்டரை.  ஓடைப் பக்கம் நடந்தேன் என்று எழுதலாம். உண்மையில் அறுபத்தெட்டு வயதில் ஓடினேன்.

மருமகன் குளிர்ந்த தண்ணீரின் நடுவிலேயே நின்றார். கற்களைப் புரட்டித் தண்ணீரைச் சேறாக்கியிருந்தார். கையில் நாற்பது சென்ரிமீற்றர் வரும் ஒரு ட்ரவுட். அதை ஆற்றின் சூட்டில் மேலும் கீழும் நெடுநேரம் இழுத்திருக்கிறார். அது பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. போன் ஒரு கல்லில் சாய்த்து வைக்கப்பட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, பாருங்கோ! ஒரு படம் எடுத்திட்டு விடப்போறன்."

"விடேலாது."

"ஏன்? பாவமெல்லே?"

"படத்துக்காகப் பிடிச்சு விடுறதுக்கு இந்த நாட்டில சட்டம் விடாது. மீன்பிடிக்கிற அனுமதிக்கு, பட்டென்ட் எடுக்க, வகுப்புக்குப் போனீரோ, இல்லாட்டி அங்கயும் படம் எடுத்துக்கொண்டு இருந்தீரோ? விட்டாலும் அது பிழைக்காது. அடிச்சுக் கொல்லும்."

"நானோ?"

"பிடிச்சது ஆர்?"

அவருடைய பதினாலு பொக்கற்றில் மீனை அடிக்கும் கட்டை இல்லை, கத்தி இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். தலையில் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். அடி கல்லில் விழுந்தது. இரண்டாவதை நான் அடித்தேன். மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டபின்தான் எனக்குப் பேச்சு முழுதாக வந்தது.

"ஆறரைக்கு நில்லும் எண்டு சொன்னேனெல்லே? ஏன் பொறுக்கேல்லை?"

"நான் ஆறரைக்கே வந்திட்டன், மாமா. அரை மணித்தியாலம் பாத்தன். நீங்கள் வரேல்லை. போன் எடுத்தன், உங்கட போன் ஓஃப். வயசு போன ஆள், நித்திரையாக்கும் எண்டு விட்டிட்டன்."

"நான் ஆறு இருபத்தெட்டுக்கு வந்தனான்!"

"அதுதானே சொல்லுறன். ஒரு மணித்தியாலம் பிந்தி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஜெர்மனில் 'அரை ஆறு' என்றால் ஆறை நோக்கிப் போகிற அரை, அதாவது ஐந்து முப்பது. தமிழில் ஆறரை என்றால் ஆறும் அதற்கு மேல் அரையும். இவர் என் தமிழைக் காதில் வாங்கி ஜெர்மனில் விளங்கியிருக்கிறார். பிறந்து முப்பத்திரண்டு வருடமாக இந்த மனிதர் தமிழ் ஆட்களின் கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் ஒரு மணித்தியாலம் முந்திப் போயிருக்க வேண்டும். நம்மவர்கள் இரண்டு மணித்தியாலம் பிந்தித் தொடங்குவதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சிரிக்க நேரமில்லை. போன சனிக்கிழமை அங்கே ஒன்பது மீன்களை எண்ணியிருந்தேன். இப்போது ஒன்றும் இல்லை. எல்லாம் கலைந்து ஆற்றுக்குள் போயிருந்தன, ஆற்றின் சூடோ ஏறிக்கொண்டிருந்தது. அவரைக் கரைக்கு ஏற்றி, அலரிச் செடிக்குப் பின்னால் இருத்தினேன்.

"அசையக்கூடாது. போனும் அசையக்கூடாது."

"அதுகள் திரும்பி வருமோ, மாமா?"

"தெரியாது. வராட்டி மத்தியானத்துக்குள்ள மிதக்கும்."

கம்பீரமாகச் சொல்ல வைத்திருந்ததைச் செடிக்குப் பின்னால் குசுகுசுத்துச் சொன்னேன். ஏழு மணிக்குச் சேறு அடங்கியது. ஏழு நாற்பதுக்கு ஆற்றில் பத்தொன்பது பாகை. ஒரு சிறிய மீன் வந்து ஓடை வாயில் மூக்கை வைத்தது. எட்டரைக்கு, என் கணக்கில் எட்டரைக்கு, மூன்று. மருமகன் ஒவ்வொன்றுக்கும் என் முழங்கையை இடித்தார். வெயில் தண்ணீரில் விழுந்தபிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்து அடுக்கின. எட்டு. பையில் இருந்ததோடு சேர்த்தால் கணக்குச் சரி.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் தடிகளோடு கற்களில் தாவிக்கொண்டு ஓடை வாயை நோக்கி வந்தார்கள். நான் எழும்புமுன் மருமகன் எழும்பிவிட்டார். அந்தப் பேர்ன் பக்கத்து ஆட்களிடம் தன் சூரிச் ஜெர்மனில், கையை நீட்டி மறித்து, முழங்கினார்: ஆற்றுத் தண்ணீர் இருபது பாகை, மீன்கள் இங்கே உயிர் பிழைக்க நிற்கின்றன, இங்கே தூண்டில் போடுகிறவன் மனிதனா, இதுகூடத் தெரியாமல் உங்களுக்குப் பட்டென்ட் கொடுத்தது யார்? மூன்று மணித்தியாலத்தில் முளைத்த ஞானம். என்னிடம்கூட இவ்வளவு கர்வம் இல்லை.

அவர்களில் மூத்தவர் எங்கள் காலடியைப் பார்த்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் பையைக் காலால் மெல்ல அலரிச் செடிக்குள் தள்ளினேன். பிறகு மருமகன் சொல்வது முழுக்கச் சரி என்று அவரிடம் சொன்னேன்.